ஸ்டேஷனுக்குப் பக்கத்து வீடு

பின்பக்கத்துத் தகரக் கதவை யாரோ தட்டினார்கள். பலமாக இல்லை. தட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தட்டுவது போல இருந்தது.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போய்விட்டார், மகன் பள்ளிக்கூடத்தில். எங்கள் வீட்டின் பின்பக்கம் ஆள் உயரச் சுவர். சுவருக்கு அந்தப்புறம் போலீஸ் ஸ்டேஷன். எந்தக் காலத்திலோ இரண்டு இடமும் ஒரே ஆளுடையதாக இருந்ததாம். அதனால் சுவரில் ஒரு சின்னத் தகரக் கதவு. குடிவந்த நாளிலிருந்து அதை நான் தொட்டதுகூட இல்லை. தாழ்ப்பாள் துருவேறிப்போயிருந்தது. குழவிக்கல்லால் தட்டித்தான் திறந்தேன்.

காக்கிச் சேலையில் ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் பாத்ரூம் போயிட்டு வரட்டுமா?"

என் வாழ்நாளில் போலீஸ் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

வாடகை ஏன் கம்மி

மாவட்டத்தைப் பிரித்த புதிதில் வேலூரிலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களோடு திருவண்ணாமலையில் வந்து இறங்கியதை இந்தத் தொடரில் போன வாரம் சொல்லியிருந்தேன். எங்களைப் போலவே மாற்றலாகி வந்த குமாஸ்தாக்கள் ஊர் முழுக்க வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜில் தங்கித் தங்கி மகனுக்கு வயிறு கெட்டுப்போனது. அப்போது கிடைத்ததுதான் இந்த வீடு. சொந்தக்காரர் ரஹ்மத்துல்லா பாய், கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருந்தார்.

"வாடகை கம்மிதான். ஏன் கம்மினு நீங்களே வந்து பாத்துக்குங்க" என்று சாவியை நீட்டினார். மறைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

வந்து பார்த்தேன். கூடம், சமையல்கட்டு, கிணறு, தனிக் கழிப்பறை எல்லாமே நன்றாக இருந்தன. பின்கட்டில் நின்றால் சுவருக்கு மேலே வேப்பமரம் தெரிந்தது. அதன் பின்னால் அண்ணாமலையின் உச்சி. இவ்வளவு நல்ல வீடு ஏன் காலியாக இருக்கிறது என்று நினைத்தபோதே சுவருக்கு அந்தப்பக்கம் ஒயர்லெஸ் கரகரவென்று இரைந்தது.

சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. செஞ்சி பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் ஊருக்கு எப்போதாவது சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வருவார். அவர் எதற்கு வந்தார் என்று தெரிவதற்கு முன்பே அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். அப்பா யார் வம்புக்கும் போகாதவர். அவரே அப்படி நிற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, காக்கி என்றாலே நாம் ஏதோ செய்துவிட்டோம் என்ற எண்ணம்தான் முதலில் வரும்.

ஊர் என்ன பேசியது

திருவண்ணாமலைக்காரர்களும் அப்படித்தான் இருந்தார்கள். எங்கள் தெருவில் நடப்பவர்கள் ஸ்டேஷன் வாசல் வந்ததும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். கடந்த பிறகு மறுபடி இந்தப் பக்கம் வருவார்கள். சைக்கிள் திருட்டுப் போனவர்கள்கூட, போனது போகட்டும், ஸ்டேஷனுக்கு நடக்க யாரால் ஆகும் என்று இன்னொரு சைக்கிளைத் தேடிக்கொள்வார்கள். வேலூரிலிருந்து வந்த என் நாத்தனார், வாசலிலிருந்தே ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு, காபி குடித்த கையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

பயமே இல்லாமல் அந்தப் படி ஏறிய ஒரே ஆள் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான். செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். குரங்கு அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நேராக வந்து புகார் கொடுத்தார். எதிரியின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரைட்டர், அதாவது ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ஏட்டு, சத்தம் போட்டுக் கேட்க, சுவருக்கு அந்தப்பக்கம் அத்தனை பேரும் சிரித்த சிரிப்பு எங்கள் சமையல்கட்டு வரை கேட்டது. அந்த அம்மாள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஸ்டேஷனிலிருந்து நன்றி சொல்லிவிட்டு ஒருவர் வெளியே வந்ததை ஒரு வாரம் தெரு முழுக்கப் பேசினார்கள்.

இன்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சத்தங்கள்தான் முதலில் வருகின்றன. காலையில் வரிசையாக நிற்கும்போது பூட்ஸ்கள் ஒன்றாகத் தரையில் மோதுவது. ரைட்டரின் டிரான்சிஸ்டரில் கிரிக்கெட் வர்ணனை. பிடித்து வைத்த வண்டிகளுக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகள். வேப்பம்பூ உதிரும் காலத்தில் மரத்தின் பாதிப் பூ எங்கள் முற்றத்தில் விழும். அதை வாரிக் காயவைத்து ரசம் வைப்பேன். ஸ்டேஷன் வேப்பம்பூ ரசம் என்று வீட்டுக்காரர் கேலி செய்துகொண்டே இரண்டாம் முறை வாங்கிக்கொள்வார்.

கஸ்தூரி

கதவைத் தட்டியவள் பெயர் கஸ்தூரி. போளூர் பக்கம் ஒரு கிராமம். அந்த ஸ்டேஷனில் இரண்டே பெண் போலீஸ். அவர்களுக்கென்று கழிப்பறை இல்லை. ஆண்கள் கட்டடத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். இவர்கள் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் வீடு போகும் வரை அடக்கிக்கொள்ள வேண்டும். அதனால் டூட்டி நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஏதோ சமையல் குறிப்பு சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. அந்த நாட்களில் காலையில் நாக்கை நனைப்பதோடு சரி.

"தெனமும் வா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

தெருவில் பேச்சு வந்தது. போலீசை உள்ளே விட்டால் நாளைக்கு வேறு எதற்காவது வந்து நிற்பார்கள் என்று எதிர்வீட்டு அம்மாள் எச்சரித்தார். அவளோ வந்தால் ஐந்து நிமிஷம் இருப்பாள். கை கால் கழுவிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீரைத் தலை நிமிர்த்தி ஒரே மூச்சில் குடிப்பாள். அதைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோஷமாகிவிட்டது. அவள் வரும் நேரத்துக்கு மோர் கலக்கி வைக்க ஆரம்பித்தேன்.

புகார் கொடுக்க வரும் பெண்களைப் பற்றி அவள்தான் சொல்வாள். பெரும்பாலும் புருஷன் அடித்தான் என்றுதான் வருவார்கள். மரத்தடியில் மணிக்கணக்காக உட்கார வைத்து, சாயங்காலம் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தச் சமாதானத்தைச் சொல்லும் வேலை பெண் போலீசுடையது.

அவளுக்கும் புருஷன் இருந்தான், லாரி டிரைவர். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை, பிரியா. ஒருநாள் கஸ்தூரி இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டே வந்தாள். குழாயடியில் வழுக்கிவிட்டது என்றாள். இன்னொரு நாள் உதட்டோரம் வீங்கியிருந்தது. கதவு இடித்துவிட்டதாம். நான் கேட்கவில்லை. மோரை மட்டும் குடித்துவிட்டுப் போனாள்.

அடுப்பில் போன காக்கி

ஆடி மாதக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அன்று கஸ்தூரி தகரக் கதவு வழியாக வரவில்லை. தெரு வாசல் வழியாக வந்தாள். சாயம்போன வீட்டுச் சேலை, இடுப்பில் குழந்தை. நேராகச் சமையல்கட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முந்தின நாள் பந்தோபஸ்தில் ஆண் போலீசோடு நின்று பேசிக்கொண்டிருந்ததை யாரோ புருஷனிடம் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அவள் குளித்துவிட்டு வருவதற்குள், கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த காக்கிச் சேலைகள் இரண்டையும் அடுப்பில் போட்டுவிட்டான். தடுக்கப் போனவளுக்கு முதுகில் விறகுக் கட்டை. ரவிக்கைக்குக் கீழே வரி வரியாகத் தெரிந்தது. குழந்தை அழவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டூட்டி நேரம் தாண்டிவிட்டது. யூனிஃபார்ம் இல்லாமல் போனால் ஏன் என்று கேட்பார்கள். போகாவிட்டால் மெமோ வரும். சுவருக்கு அந்தப்பக்கம் அவள் வேலை செய்யும் ஸ்டேஷன். பெயர் கூப்பிடுவது இங்கேயே கேட்டது. அவள் பெயரையும் கூப்பிட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போய் நடந்ததைச் சொல்லேன் என்றேன்.

"இன்னானு சொல்றது அக்கா? எத்தினி பொம்பளைங்களுக்கு நானே சொல்லியிருக்கேன், புருஷன்தானம்மா, அனுசரிச்சுப் போனு. அதையேதான் எனக்கும் சொல்லுவாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க."

நான் முகம் கழுவினேன். வேறு சேலை மாற்றிக்கொண்டேன். வீட்டுக்காரருக்கு ஆள் அனுப்பிக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்டால் வேண்டாம் என்பார். கேட்காமலே கிளம்பினேன். தகரக் கதவு பக்கத்திலேயே இருந்தாலும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போனேன். இப்படி ஒரு காரியத்துக்குப் போகிறவள் முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று தோன்றியது.

படி ஏறினேன்

வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்றவர், "இன்னாம்மா?" என்றார். இன்ஸ்பெக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். மரத்தடியில் ஒரு பெண், தலையில் கட்டோடு, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு அம்மாள் தெருவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் துண்டு நினைவுக்கு வந்தது. என் தலைப்பை நான் இழுத்துச் செருகிக்கொள்ளவில்லை. தோளிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுக்காரர். கோபக்காரர் என்று ஊரே சொல்லும். சுவருக்கு இந்தப்பக்கம் அவர் குரல் கேட்டால் மகன் பாடப் புத்தகத்தை எடுத்துவிடுவான்.

"சொல்லுங்க."

"பக்கத்து வீடு சார். உங்க ஸ்டேஷன் கஸ்தூரி என் வீட்டு சமையல்கட்டுல உக்காந்துருக்குது. இங்க வர பயப்படுது."

"யாருக்கு பயம்?"

"உங்களுக்குத்தான் சார்."

பேனாவை மூடி வைத்தார். நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு கஸ்தூரி சொன்னது போலவே ஆனது. குடும்ப விஷயம், புருஷனைக் கூப்பிட்டு மிரட்டி அனுப்பிவிடலாம், எழுத்தில் வேண்டாம், போலீஸ்காரியையே புருஷன் அடிக்கிறான் என்று வெளியே தெரிந்தால் ஸ்டேஷனுக்குத்தான் அசிங்கம் என்றார்.

எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று தெரியவில்லை.

"உள்ள வேலை செய்யுற பொண்ணுக்கே இங்க சொல்ல வழி இல்லனா, வெளிய மரத்தடில ஒண்ணு உக்காந்துருக்குதே, அது எங்க சார் போவும்?"

அவர் ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது கேட்டார், "கஸ்தூரி சாப்பிட்டுச்சா?"

"இல்ல சார்."

"முதல்ல சாப்பிட வைங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க. முன்வாசல் வழியா."

அந்த பெஞ்சு

என் நீல வாயல் சேலையைக் கட்டிக்கொண்டு கஸ்தூரி வந்தாள். குழந்தையை எதிர்வீட்டு அம்மாள் வாங்கி வைத்துக்கொண்டார். ஆமாம், அதே அம்மாள்தான். தானாக வந்து கை நீட்டினார்.

ஏட்டு ஒருவர் தன் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். கஸ்தூரி வேண்டாம் என்று புகார்தாரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். ரைட்டர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, எந்த ஊர். எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். அவளும் ஒவ்வொன்றுக்கும் முறையாகப் பதில் சொன்னாள். முதுகைப் பற்றி எழுதும்போது மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அந்த பெஞ்சு இவ்ளோ ஆடும்னு எனக்குத் தெரியாதுக்கா. இத்தினி வருஷமா எதிர்லயே நின்னிருக்கேன்."

மறுநாள் முதல் வேலையாக அதன் காலுக்கு ஓட்டுச்சில்லு வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவளோடு வேலை பார்த்த இன்னொரு பெண் போலீஸ் தன்னுடைய காக்கிச் சேலை ஒன்றைக் கொடுத்திருந்தாள்.

வழக்குப் பதிவானது. புருஷன் சில நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். பிறகு ஆந்திராப் பக்கம் லாரியோடு போனவன் இந்த ஊருக்குத் திரும்பவில்லை. போளூரிலிருந்து அவள் அண்ணன் வந்து வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னான். மாட்டேன் என்றாள். இனி எனக்குத் தங்கச்சி இல்லை என்று எங்கள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனான். வேறு வீடு கிடைக்கும் வரை அவளும் குழந்தையும் எங்களோடுதான் இருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவன் மனைவி ஸ்டேஷன் படி ஏறலாமா என்று இரண்டு வேளை பேசாமல் இருந்தார். அதற்குள் ஆபீசில் சக குமாஸ்தா ஒருவர் அவரைத் தனியே கூப்பிட்டு, தன் தங்கைக்கு ஒரு பிரச்சினை, உங்க வீட்டம்மா கூட வருவார்களா என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபத்தைக் காணோம்.

ரஹ்மத்துல்லா பாயும் வந்தார். காலி செய்யச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஆள் ஜாஸ்தியாச்சுனு சொன்னாங்க. கிணத்துல தண்ணி கம்மியாயிடுமேனு பாக்க வந்தேன்" என்றார். கிணற்றை எட்டிப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுநாள் தூர் வார ஆள் வந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ பெண்கள் எங்கள் வாசலில் தயங்கி நின்றிருக்கிறார்கள். உள்ள போலாமாம்மா, திட்டுவாங்களா என்று கேட்பார்கள். சிலரோடு நானும் போனேன். நல்லபடி முடிந்தவை உண்டு. மரத்தடியிலேயே முடிந்துபோனவையும் உண்டு. அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போனதும், பழையபடி ஆன மாதங்களும் இருந்தன. பிறகு ஊருக்கு மகளிர் காவல் நிலையம் வந்தது. கஸ்தூரியை அங்கே போட்டார்கள். அங்கே போனால் குடும்பத்தைப் பிரித்துவிடுவார்கள் என்று சிலரும், அங்கேதான் கேட்க ஆள் இருக்கிறது என்று சிலரும் பேசினார்கள். நாங்கள் வேங்கிக்காலில் சொந்தமாகச் சின்ன வீடு கட்டிக்கொண்டு போனோம்.

இரண்டாம் பந்தி

வருஷங்கள் ஓடின. பிரியா நர்சிங் படித்தாள். அவளுக்குக் கல்யாணம் என்று கஸ்தூரி பத்திரிகையோடு வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பதவி உயர்ந்து, இப்போது சட்டையும் பேண்டும் போட்டிருந்தாள். அண்ணன் வரமாட்டான், தாரை வார்க்க நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் மணையில் உட்காருங்கள் என்றாள். பெற்றவள் நீ இருக்கும்போது நாங்கள் எதற்கு என்று நான் சொன்னதற்கு, ஐயர் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றாள். அவரிடம் என் வீட்டுக்காரர் போய்ப் பேசினார். ஸ்டேஷன் படி ஏறக் கூடாது என்ற அதே மனிதர்தான்.

மண்டபத்தில் கஸ்தூரி தனியாக நின்று மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தாள். தண்ணீர் ஒரே சீராக விழுந்தது. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாம் பந்தியில் சாப்பிடப் போனேன். ஒரு வரிசை முழுக்கப் பெண்கள். ஒருவருக்கொருவர் உறவு போலத் தெரியவில்லை. செங்கத்திலிருந்து வந்தவர், தண்டராம்பட்டிலிருந்து வந்தவர், பட்டுப்புடவை கட்டியவர், நூல் சேலை கட்டியவர் எனப் பல மாதிரி. இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர், யார் வழி என்று கல்யாண வீட்டில் கேட்பார்களே, அது போல அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு இன்னா கேசு?"

"புருஷன் வேற கட்டிக்கிட்டாரு. உங்களுக்கு?"

"மாமியா வீட்ல நகையப் புடுங்கிக்கினு தொரத்திட்டாங்க. கஸ்தூரி அம்மாதான் வந்து பேசுனாங்க. இப்ப நல்லா இருக்கேன்."

காலி இடம் தேடி நின்ற என்னை, ஓரத்தில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களுக்கு இன்னா கேசும்மா?"

"கேசு ஒண்ணும் இல்ல. நான் பக்கத்து வீடு."

"ஸ்டேஷனுக்கா?"

"ஆமா."

அவள் தன் இலையைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

"அப்ப உக்காருங்க. சாம்பாரு வருது."